பட்டிப்பூ வாங்க வருவோருக்கு எங்கள் கன்றுக்கடையிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், ஸலாம்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் கடையில் பட்டிப்பூவின் இலையையோ பூவையோ பறித்துத் தரமாட்டோம். கன்று வழமைபோலக் கிடைக்கும். வெள்ளை, ஊதா, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது எல்லாம் உண்டு. மருந்துக்கு என்று கேட்டால் மட்டும் இல்லை. "இத்தனை வருஷமாச் சும்மா பிடுங்கித் தந்த நீ இப்ப என்ன புதுச்சட்டம் போடுறாய்?" என்று போன கிழமை ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். கடை வாசலில் நின்று சொல்லி முடிகிற பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையிலிருந்து வரும் அம்மாமார், நீலாவணை, மருதமுனைப் பக்கத்து வாப்பாமார், யாராக இருந்தாலும் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்தாகக் கேட்பது ஒன்றுதான்: "மனே, வெள்ளைப்பூ கொஞ்சம் பிடுங்கித் தா, சீனி இறங்குதில்ல." காலையில் வெறும் வயிற்றில் ஏழு பூ என்பார் ஒருவர். இலையை அவித்துக் குடிக்க வேண்டும் என்பார் இன்னொருவர். வெள்ளைதான் மருந்து, ஊதா சரிவராது என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. உண்மையில் இரண்டும் ஒரே செடிதான், நிறம்தான் வேறு. கசப்பும் நஞ்சும் இரண்டிலும் இருக்கின்றன.

நானும் பறித்துக் கொடுத்தேன். ஒரு கன்று வாங்கினால் ஒரு பிடி பூ இனாம் என்று கொடுத்த நாளும் உண்டு. அந்தப் பிழை என்னுடையது.

மனம் மாறியது எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு சம்பவத்தால். அம்மாவுக்குப் பல வருடமாகச் சலரோகம், அதாவது இதே சீனி வருத்தம். மாதா மாதம் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுப்பவர். எனக்குத் தெரியாமல் நம் தோட்டத்து வெள்ளைப்பூவையும் இலையையும் அவித்து இரண்டு கிழமை குடித்திருக்கிறார். ஒரு நாள் விடியற்புறம் நாலு மணிக்குப் பார்த்தால், உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. ஆசுபத்திரியில் பார்த்தபோது சீனி மிகவும் கீழே இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றித்தான் எழுப்பினார்கள். கஷாயம்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. அன்றிரவு அம்மா சரியாகச் சாப்பிடவுமில்லை, குளிசையை மட்டும் போட்டிருந்தார். "நீங்க குடிச்சது இன்னதெண்டு எனக்குத் தெரியாட்டி நான் என்ன அளவுக்கு மருந்து எழுதுறது?" என்று மட்டும் டொக்டர் கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் செடியைப் பற்றித் தேடிப் படித்தேன். முதலில் தெரிந்தது, இது நம் மண்ணின் செடியே அல்ல என்பது. மடகஸ்கார் தீவுதான் தாய்வீடு. கப்பலேறி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கடற்கரை மணலிலும் மயானத்து ஓரத்திலும் கேட்பாரற்று முளைப்பதால் நாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டோம். சிங்களத்தில் இதற்கு 'மினீ மல்', அதாவது பிணப்பூ என்று பெயர். இந்தியாவில் நித்தியகல்யாணி, சுடுகாட்டுமல்லி என்று இரண்டும் சொல்வார்கள். ஒரே பூவுக்குக் கல்யாணமும் சுடுகாடும்! "பாட்டன் முப்பாட்டன் வைத்தியம்" என்று சொல்லும்போது இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சீனி வருத்தத்துக்கு இதைக் குடிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜமேய்க்காவில் இருந்தது, பிலிப்பைன்ஸிலும் இருந்தது. 1952இல் ஜமேய்க்காவிலிருந்த ஒருவர் இந்த இலைகளை கிளார்க் நோபிள் என்ற டொக்டருக்கு அனுப்ப, அவர் அதைக் கனடாவில் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தன் சகோதரர் றொபேட் நோபிளிடம் கொடுத்தார். சீனிக்கு மருந்து கிடைக்கும் என்றுதான் எலிகளில் சோதித்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் சீனி இறங்கவில்லை. ஊசியாக ஏற்றியபோது சில நாட்களில் எலிகள் செத்தன. வெட்டிப் பார்த்தால் உடம்பெங்கும் பக்டீரியாத் தொற்று. இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளைக் கலங்கள் அடியோடு குறைந்திருந்தன.

வெள்ளைக் கலங்களை இப்படிக் குறைக்கும் ஒன்று, அதே கலங்கள் அளவுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று அவர்கள் யோசித்தார்கள். றொபேட் நோபிளோடு வேலை செய்த சார்ல்ஸ் பியர் பிரித்தெடுத்த பொருள் 1958இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. பிறகு அமெரிக்காவில் இன்னொரு குழு இதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு மருந்தைப் பிரித்தெடுத்தது. 1963இல் அது அங்கே பாவனைக்கு வந்தது. இரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ பிள்ளைகள் இன்று பிழைத்து நடமாடுவதில் நம் வேலியோரப் பூவுக்கும் பங்கு உண்டு. படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் இந்தப் பெருமைதான் வேறொரு ஆபத்தையும் கூட்டிவருகிறது. "கான்சருக்கும் இதுதானே மருந்து, எங்கட பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கலாமா?" என்று ஒரு குடும்பம் வந்து கேட்டது. கேட்கும்போது அவர்கள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்கிறேன். வின்கிறிஸ்டின் நாளத்தில் ஏற்றும் மருந்து. பெரிய ஆளுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. ஒரு அரிசி மணியைப் பத்தாக உடைத்தால் அதில் ஒரு துண்டின் பாரம்தான் அது. அந்தத் துளியைக்கூட உடம்பின் அளவு பார்த்து, இரத்தம் சோதித்துத்தான் ஏற்றுகிறார்கள். அந்த மருந்தில் ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையிலோ வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் இரண்டு மட்டுமல்ல, செடியில் இன்னும் எழுபதுக்கு மேற்பட்ட காரப்பொருட்கள் (அல்கலொயிட் என்ற வீரியமான பொருட்கள்) இருக்கின்றன. வேரில் இருக்கும் ஒன்று பிறசரைக் குறைக்கும். எது எவ்வளவு என்பது செடிக்குச் செடி, வயதுக்கு வயது, வெயிலுக்கும் மழைக்கும் மாறும். நம் சட்டியில் அவிக்கும் கஷாயத்தில் என்ன இறங்கியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை.

பிறகு செய்த சில விலங்குச் சோதனைகளில் இலைச்சாறு சீனியைக் குறைத்ததும் பதிவாகியிருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் குறைப்பது உண்மையானால் பயமும் கூடத்தான். குளிசை ஒரு பக்கம் குறைக்க, கஷாயம் மறுபக்கம் குறைக்க, நித்திரையில் சீனி விழுந்தால் யார் பார்ப்பது?

இன்னொன்று. இந்தச் செடியிலிருந்து எடுக்கும் மருந்துகளுக்குத் தெரிந்த பக்கவிளைவுகள் கை கால் விறைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டல், வெள்ளைக் கலம் குறைதல். சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைப்பு முன்னமே இருக்கும். கால் புண் ஆறாமல் கிடக்கும். கஷாயம் அதைக் கூட்டினாலும் "சீனிதானே" என்று விட்டுவிடுவார்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கர்ப்பிணிகள் இதைத் தொட்டு வாயில் வைக்கவே கூடாது, கருவுக்குக் கேடு. பிறசர் குளிசை எடுப்பவர்களுக்கும் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு.

கடைக்காரனாக ஒரு உண்மையையும் சொல்லவேண்டும். எங்கள் கன்றுகள் கண்ணுக்காக வளர்ந்தவை, வாய்க்காக அல்ல. மாரி மழையில் வேரும் தண்டும் அழுகாமல் இருக்கப் பங்கசுநாசினி விடுகிறோம். வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டும் பூச்சிக்குப் பூச்சிநாசினி அடிக்கிறோம். சில மருந்துகள் செடிக்குள் உறிஞ்சப்பட்டுக் கிடக்கும், கழுவினாலும் போகாது. மற்றக் கடைகளில் வாங்கினாலும் இதைக் கேட்டுப்பாருங்கள்.

வீட்டில் வைப்பதற்குப் பயப்பட வேண்டாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. சாமிக்கு வைக்கலாம், வாசலில் வரிசையாக நடலாம். உப்புக்காற்றும் மணலும் தாங்கும் பூ, எங்கள் எழுவான்கரைக்கு இதைவிடத் தோதான ஒன்று குறைவு. வெட்டிய கொப்புகளை ஆட்டுக்குப் போடாதீர்கள், நாய் பூனை கடிக்கும் இடத்தில் குவிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டால், அல்லது யாராவது குடித்து வாந்தி, மயக்கம், நடுக்கம் கண்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒரு கொப்பையும் கையோடு கொண்டுபோங்கள், டொக்டர் செடியைக் கண்டால் வேலை சுலபம்.

இப்போதும் குடித்துக்கொண்டிருப்பவர்கள் பட்டிப்பூவை நிறுத்துங்கள். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டுக் குளிசையில் கை வைக்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, கொப்பியை நீட்டும் அதே நேரம் "நான் இன்னது குடிச்சன்" என்று சொல்லிவிடுங்கள். ஏச்சு விழும், விழட்டும். சீனிக்கென்று குறிஞ்சாக்கீரை வறை, பாவற்காய் சாப்பிடுபவர்களும் அதைச் சொல்வது நல்லது. சோற்றோடு உண்ணும் கறி வேறு, அளவில்லாமல் பிழிந்து குடிக்கும் சாறு வேறு.

மருந்துக்கென்று எங்களிடம் வாங்கிய வெள்ளைப்பூக் கன்று யாரிடமாவது இருந்து, வீட்டில் வைக்க மனமில்லை என்றால் கொண்டுவாருங்கள். சாடியோடு கொண்டுவந்தால் அதே விலைக்கு நந்தியாவட்டையோ செம்பரத்தையோ எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய துண்டு (பில்) தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் கடை பூட்டு.

அன்புடன்,
கன்றுக்கடைக்காரர்,
களுவாஞ்சிகுடி