பெருக்கல் குறியைப் படித்துச் சொன்ன தங்கைக்கு

அத்தை மருத்துவமனையில் இருந்த அந்த மூன்று வாரங்களைப் பற்றி மறுபடியும் எழுதப்போவதில்லை. உதவிய உங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது, தன் முன்னோரின் திருமணப் பதிவைப் பெயர்த்தெழுதிய அந்தத் தாளைத்தான்.

அத்தை என் கணவரின் தாயார். அவருடைய எள்ளுத்தாத்தா 1848இல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய சுரங்கத் தொழிலாளி. 1845இல் அங்குள்ள பர்ராவில் செம்பு கிடைத்த பிறகு அப்படி வந்தவர்கள் ஏராளம். ஓடைக்கரையைக் குடைந்து, அந்த மண் பொந்துகளிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். 1851 வெள்ளம் அவற்றில் பலவற்றை வாரிக்கொண்டு போனது. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். அந்த எள்ளுத்தாத்தா யார் பிள்ளை என்பதுதான் தெரியாது. கார்ன்வாலில் குவெனப் என்ற அவருடைய சுரங்க வட்டாரத்தில் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் மூன்று பேர். நம்மைப் போலத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லையே என்று உங்கள் எல்லோருக்கும் எழுதிப் புலம்பியிருந்தேன்.

அதைப் படித்த ஒரு தங்கை, கார்ன்வாலின் ட்ரூரோவில் செவிலியராக இருப்பவர், நான் முகம்கூடப் பார்த்திராதவர், இரவுப் பணி முடிந்த கையோடு ரயிலேறி ரெட்ரூத்துக்குப் போயிருக்கிறார். கார்ன்வாலின் ஆவணக் காப்பகமான கிரெசன் கெர்னோ அங்கேதான் இருக்கிறது. 1837 ஜூலைக்குப் பிந்தைய திருமணப் பதிவுகளில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். எள்ளுத்தாத்தாவின் மனைவி பெயரை வைத்துத் தேடி, 1843ஆம் ஆண்டின் பக்கத்தைப் பிடித்துவிட்டார்.

தந்தை பெயரை மட்டும் அனுப்பியிருந்தாலே காலமெல்லாம் கடன்பட்டிருப்பேன். அவர் அந்தச் சாய்வெழுத்தை வரி வரியாகப் பெயர்த்தெழுதி, கடைசியில் இதையும் சேர்த்திருந்தார்:

"அக்கா, மாப்பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. பெருக்கல் குறி போட்டிருக்கிறார். இரண்டாவது கோட்டின் முடிவில் மை தேங்கியிருக்கிறது. ரேஷன் கடையில் என் அப்பத்தா கைநாட்டு வைக்கும்போது விரலை எடுக்கவே மாட்டார். அந்த ஞாபகம் வந்துவிட்டது."

மருத்துவமனையில் இதை அத்தைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஊசி ஏறியிருந்த கையைத் தூக்கி, போர்வையின் மேல் விரலால் அந்தக் குறியைப் போட்டுப் பார்த்தார். முதல் கோடு, இரண்டாவது கோடு. அங்கே விரலை அப்படியே வைத்திருந்தார். அன்றிரவு நான் வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

பழைய நாளிதழ்களைத் துழாவியவர்கள், கப்பல் பட்டியல்களை ஒப்பிட்டவர்கள், வேளை தவறாமல் ரசமும் சாதமும் கொண்டுவந்தவர்கள், என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

தங்கையே, பணம் அனுப்பவா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டீர்கள். அதனால் வேறு விதமாகச் செய்கிறேன். அடிலெய்டின் நார்த் டெரஸில் உள்ள மாநில நூலகம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். யாருக்கு எந்த முன்னோரைத் தேட வேண்டுமானாலும் எழுதுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை போய்ப் பார்த்து, எழுத்து விடாமல் எழுதி அனுப்புகிறேன். மை தேங்கியிருந்தால் அதையும் சொல்கிறேன்.