மகனுக்கு, இஞ்சின் தூக்குவது குறித்து

கடலூர் முதுநகர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடலூர் வரை வந்து டாடா 407 லாரி இஞ்சினுக்கு முன்பணம் கொடுத்தவன், வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்பியதை உன் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை. தனியாளாக இஞ்சின் பிரிக்கத் தெரிந்த பிள்ளை என்று உன் மாமாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே பிள்ளை, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுத் தாழ்வாரத்து உத்தரத்தில் சங்கிலி கட்டி அதைத் தூக்கப்போகிறான் என்று கேட்டதிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

2011-இல் தானே புயல் ஓடுகளைப் பிய்த்தெறிந்த பிறகு அந்த உத்தரம் எத்தனை நாள் நனைந்து கிடந்தது என்பது உனக்கே தெரியும். வண்ணம் பூசியிருப்பதால் உறுதியாகத் தோன்றுகிறது. சுவருக்குள் அமர்ந்திருக்கும் முனையைத் திருப்புளியால் குத்திப் பார், மாவாக உதிரும். நான் குத்திப் பார்த்தவள். கால் டன்னைத் தாண்டும் இரும்பை அதில் தொங்கவிடாதே. இரும்புச் சட்டமும் ஒரு டன் தாங்கும் செயின் பிளாக்கும் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) கொண்டே தூக்கு. சட்டத்தின் கால்கள் சிமெண்ட் தரையில் நிற்கட்டும். முற்றத்து மணலில் ஒரு கால் புதைந்தாலும் எல்லாம் சாயும்.

வண்டியில் ஏற்றுமுன் ஆயிலை வடித்துவிடு. குட்டியானை வண்டியின் தரையில் சம்ப், அதாவது இஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி, படும்படி வைக்காதே. தகடு நசுங்கினால் ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபடும். மரச்சட்டத்தில் அமர்த்தி நான்கு பக்கமும் பெல்ட்டால் இறுக்கு. வழியில் கிருமாம்பாக்கத்தில் எவராவது குறுக்கே வந்து பிரேக் அடித்தால், இஞ்சின் கேபினை நோக்கித்தான் பாயும்.

தூக்கும்போது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் அதற்கென்றே உள்ள வளையங்களில் மட்டும் சங்கிலியை மாட்டு. சங்கிலியின் இரு கைகளுக்கும் இடையே 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு கையும் முழு எடையையும் சுமக்கும் என்று உன் அப்பா பட்டறைச் சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டியதை மறந்திருக்க மாட்டாய். விரிவு 60-ஐத் தாண்டாதபடி நீளமான சங்கிலியாக எடுத்துக்கொள்.

தொங்கும் இஞ்சினுக்குக் கீழே எவரும் நிற்க வேண்டாம். இஞ்சினை வண்டியோடு பூட்டும் மவுண்டிங் துளை பொருந்தவில்லையென்றால் கடப்பாரையால் நெம்பிச் சரிசெய்; விரலை விட்டுத் துளையைத் தேடாதே. உன் அப்பாவின் இடக்கையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விரலை மட்டும் விடாதே.

மாமாவிடம் சட்டமும் செயின் பிளாக்கும் இருக்கின்றன. சனிக்கிழமைக்குள் சொன்னால் அவரே கொண்டுவருவார்.

அம்மா