மறுத்தவர் வேறு, கிடைக்காமல் போனவர் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த 'தண்ணீர் ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை' கட்டுரையைப் படித்தேன். ஞானஸ்நானம் வெறும் சடங்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று பேசுகிறவர்களுக்குக் கட்டுரையாளர் கொடுத்திருக்கும் பதிலில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் கடைசிப் பத்தியில், ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர் யாராயிருந்தாலும் நரகம்தான் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார். அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் ஆதாரமாகக் காட்டும் மாற்கு 16:16 இப்படி இருக்கிறது: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." முதல் பாதியில் விசுவாசமும் ஞானஸ்நானமும் சேர்ந்து வருகின்றன. தண்டனையைச் சொல்லும் பாதியில் விசுவாசியாதது மட்டும்தான் வருகிறது. "ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான்" என்கிற யோவான் 3:5 இதைவிடக் கறாரானது என்பது தெரியும். 'விசுவாசத்தினாலே' என்று முழங்கிய சீர்திருத்தவாதி லுத்தரின் ஆட்களே தங்கள் விசுவாசத்தை விளக்கிய 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையில் ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம் என்று எழுதி வைத்தார்கள். சிலுவையில் மனந்திரும்பிய கள்ளன், "ஞானஸ்நானம் கொடுங்கள்" என்ற கட்டளை வருவதற்கு முன்பே இறந்தவன் என்று கட்டுரையாளர் சொல்வதும் நியாயம். சரி, கள்ளனை விட்டுவிடுவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்து ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவை என்ன செய்வது? பேதுரு பேசி முடிக்கும் முன்பே அந்த வீட்டார்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டார். தண்ணீர் பிறகுதான் வந்தது. ஆவி வந்துவிட்டதே, இனித் தண்ணீர் எதற்கு என்று பேதுரு கேட்கவுமில்லை. ஞானஸ்நானம் பெறச் சொல்லிக் கட்டளையிட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்காத போதனை எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

எங்கள் கடற்கரைக்கு இது புத்தக விவகாரம் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரைக்குமான முத்துக்குளித்துறையில் 1530-களில் கடலோர மக்களான பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு கிடைக்கும் என்பது அதில் பெரிய காரணம். 1542-இல் மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் வந்து, உங்கள் விசுவாசம் என்ன என்று கேட்டால், "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்புறம்தான் செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இங்கே தண்ணீர் முந்தி வந்தது, உபதேசம் பிந்தி வந்தது. ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற இயேசு சபைக் குருவின் கதை தலைகீழ். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோய் நீங்கி விசுவாசம் கொண்ட பிறகும், ஒரு மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் ஞானஸ்நானம் என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுக்காரர். அந்தப் பகைதான் 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தர் தலையை வாங்கியது. ஞானஸ்நானத்தை அவ்வளவு பெரிதாக மதித்தவர், நினைத்தவுடன் அள்ளி ஊற்றிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுத வைத்தது எங்கள் ஊரில் நடந்த ஒன்று. இந்துக் குடும்பத்துப் பையன். விசைப்படகு கடலுக்குப் போகாத நாள்களில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்து என்னிடம் உபதேசம் படித்தான். ஈஸ்டருக்கு முந்தின இரவு ஞானஸ்நானம் என்று முடிவாகி, ஞானத்தகப்பனாராக யார் நிற்பது என்றுகூடப் பேசி வைத்திருந்தோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலேயே கடலில் இறந்துவிட்டான். துக்கம் கேட்க வந்த ஒரு போதகர், "தண்ணீரில் இறங்காமல் போய்விட்டானே, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அவன் தாயின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப எம்புள்ள எங்கக்கா இருக்கான்?" என்று கேட்டார்.

392-இல் வாலன்டீனியன் என்ற இளம் ரோமப் பேரரசர் ஞானஸ்நானம் கேட்டு, பெறுவதற்குள் இறந்துபோனார். அவர் கேட்டதாலேயே பெற்றுக்கொண்டார் என்று மிலான் ஆயர் அம்புரோசு அடக்கப் பிரசங்கத்தில் சொன்னார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் (எண் 1257) இதையே வேறு விதமாகச் சொல்கிறது: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு, அதாவது ஞானஸ்நானத்தோடு, பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களுக்கு (ஞானஸ்நானம் போன்ற புனிதச் சடங்குகளுக்கு) கட்டுப்பட்டவர் அல்ல. 1983-இன் திருச்சபைச் சட்டம், பிரிவு 1183, அடக்கச் சடங்கைப் பொறுத்தவரை ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவரை விசுவாசியாகவே எண்ணச் சொல்கிறது. அந்தப் பையனைக் கோயில் கல்லறையில்தான் அடக்கினோம்.

அப்படியானால் அவசரம் எதற்கு என்று கேட்பார்கள். என் அப்பத்தா பிள்ளைப்பேறு பார்த்தவர். பிள்ளை மூச்சுக்குத் திணறினால் தொப்புள்கொடி அறுக்கும் முன்பே செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே" என்று சொல்லிவிடுவார். கொடுக்க முடிகிற இடத்தில் கொடுக்காமல் விட அவருக்கு மனசு வராது. ஆனால் ஊற்றுவதற்குள் போய்விட்ட பிள்ளையை நரகத்துப் பிள்ளை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்பை நம்பலாம் என்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007-இல்தான் விரிவாக எழுதியது.

தெரிந்தும் வேண்டாமென்று தள்ளுகிறவரைப் பற்றிக் கட்டுரையாளர் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதட்டும். அடுத்த இதழில் கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். கேட்டும் கிடைக்காமல் போனவர்களைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
பாம்பன்