எங்கள் குடியிருப்போடு நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் குடியிருப்பின் மீது சாதிவெறித் தாக்குதல் நடந்த நாள் முதல் எங்களை விட்டு நீங்காமல் துணைநின்ற அனைவருக்கும், தெரு மக்கள் சார்பில் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி வழக்கறிஞர்களுக்கு. தொடக்கத்தில் எங்கள் புகார் வெறும் 'இரு தரப்பு மோதல்' என்றே பதிவாகியிருந்தது. நீங்கள் அன்றிரவே வந்து, எங்கள் வாசலில் அமர்ந்து, யார் எந்த இடத்தில் நின்று சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள், எதை எடுத்து வீசினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு, நாங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் வழக்கில் சேர்ந்ததும், டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரணைக்கு வந்ததும் அந்த மனுவால்தான். ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டோரின் தரப்பும் கேட்கப்பட வேண்டும் என்னும் உரிமையை, 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தில் சேர்த்திருப்பதையும் உங்களிடமிருந்தே அறிந்தோம். அதுவரை நீதிமன்றப் படியேறியிராத எங்கள் பெண்கள், நீதிபதி முன் எழுந்து நின்று தங்கள் ஆட்சேபத்தைத் தாங்களே சொன்னார்கள்.

காயங்களைத் 'தவறி விழுந்ததால் ஏற்பட்டவை' என்று எழுதச் சொல்லி வந்த நெருக்கடிக்கு இணங்காமல், ஒவ்வொரு காயத்தையும் அளந்து விபத்துப் பதிவேட்டில் குறித்த அரசு மருத்துவருக்கும், எரிந்துபோன பாடப்புத்தகங்களுக்கு ஈடாக வேறு புத்தகங்களைத் திரட்டித் தந்த ஆசிரியர்களுக்கும், பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் நிவாரணத் தொகையான தீருதவியின் முதல் தவணை கைக்கு வரும்வரை கோப்பைப் பின்தொடர்ந்த நலத்துறை ஊழியருக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

ஊர்த்தெருவிலிருந்து எங்களுக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவரை என்றும் மறக்க மாட்டோம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அவரைப் பற்றி வேறு எதுவும் இங்கே எழுதவில்லை. சொந்த உறவினரே பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகும் அவர் தம் வாக்குமூலத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. எங்கள் வேதனையை எங்களோடு சேர்ந்து சுமப்பதற்கு அந்தத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார் என்பது எங்களுக்குத் தந்த தெம்பை எந்த நிவாரணத் தொகையும் தந்திருக்க முடியாது.

இதே துயரில் இருக்கும் பிற குடியிருப்பு மக்கள், வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண்ணான 14566-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். புகார் எழுதவும், முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்று வாசித்துப் பார்க்கவும் துணை தேவைப்பட்டால், எங்கள் இளைஞர்கள் வருவார்கள்.

நன்றியுடன்,
குடியிருப்பு மக்கள்