பிரிண்டர் கெடவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது

அன்புள்ள ராஜு,

மெயில் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த சேதியை ஒரே வரியில் முடித்துவிட்டு மீதிப் பக்கமெல்லாம் பிரிண்டர் புராணம் பாடியிருக்கிறாய், உன்னைத் திருத்தவே முடியாது. கல்யாணம் தையிலா மாசியிலா, அதைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியலில் யார் என்ன புடவை என்பது வரை தெரிகிறதாம்.

சரி, உன் விஷயம். கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது, ஆனால் அதே மெஷினில் ஜெராக்ஸ் போட்டால் ஜம்மென்று வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் எப்படி, சர்வீஸ்காரர் சொல்கிற மாதிரி, உள்ளே இருக்கிற போர்டு போயிருக்கும்? அவருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.

உன் கடையில் உள்ள கம்ப்யூட்டர், போன், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ரூட்டர் ஆளுக்கொரு எண் கொடுக்கிறது, 192.168.1.23 என்பது போல. அதுதான் ஐ.பி. முகவரி. எண்ணைத் தானாகவே பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். இது பட்டா இல்லை, வாடகை. ரூட்டர் அணைந்து எழுந்ததும் யார் எந்த எண்ணில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, வைஃபை பாஸ்வேர்டு வாங்கிய ஏதோ ஒரு வாடிக்கையாளரின் போனுக்கு உன் பிரிண்டரின் பழைய எண்ணைக் கொடுத்திருக்கும், விண்டோஸ் இன்னமும் அந்தப் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டு பதில் வரவில்லை என்று புலம்புகிறது. அநேகமாக இதுதான் கதை.

சோதிப்பது சுலபம். பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் கன்ஃபிகரேஷன் பக்கம் என்று ஒன்று இருக்கும், அதை அச்செடு, இப்போதைய எண் அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ், போர்ட்ஸ், கன்ஃபிகர் போர்ட் என்று போய் அங்கே என்ன எண் இருக்கிறது பார். இரண்டும் வேறாக இருந்தால் சரியானதைப் போடு, அவ்வளவுதான். அங்கே ‘ரா’ என்றும் 9100 என்றும் தெரிவதைத் தொடாதே, அது பிரிண்டருக்குள் வேலை நுழையும் வாசல். எண் ஒத்துப்போயும் ஆஃப்லைன் என்றே நின்றால், அதே ஜன்னலின் அடியில் ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்’ டிக்கை எடுத்துவிடு. பிரிண்டரிடம் நலம் விசாரிக்கிற வழி அது, அதற்குப் பதில் வராவிட்டால் நன்றாக இருக்கிற மெஷினையும் விண்டோஸ் ஆஃப்லைன் ஆக்கிவிடும்.

ஆனால் அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி மாறும். அதனால் ரூட்டர் செட்டிங்கில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று தேடி, பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அந்த மெஷினுக்கென்றே உள்ள அடையாள எண்) ஒரு ஐ.பி. எண்ணை நிரந்தரமாக எழுதி வை. மேக் முகவரியும் அந்த அச்செடுத்த பக்கத்திலேயே இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகத் திறந்துவிடு, கடை கம்ப்யூட்டர் இருக்கிற நெட்வொர்க்கில் ஊரையே ஏற்றி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டெலீட் கொடுத்தும் போகாமல் பிரிண்ட் க்யூவில் தொங்குகிற ஃபைல்களுக்கு மருந்து: விண்டோஸில் சர்வீசஸ் போய் பிரிண்ட் ஸ்பூலரை, அதாவது அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற புரோகிராமை நிறுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருப்பதைக் காலி செய், ஃபோல்டரை அல்ல, உள்ளே இருப்பதை மட்டும். பிறகு ஸ்பூலரை ஓடவிடு.

அடுத்து, நீ எழுதியிருந்த அந்தக் கல்யாணப் பத்திரிகை பி.டி.எஃப். திரையில் தமிழ் சரியாகத் தெரிந்து தாளில் கட்டம் கட்டமாக வந்தால் அது டிரைவர் கோளாறு, அதாவது கம்ப்யூட்டர் பிரிண்டரோடு பேச உதவுகிற புரோகிராமின் கோளாறு. அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டு போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து ஒழுங்காக விழும். திரையிலேயே ஆங்கில எழுத்தாகக் கொட்டினால் மட்டும் வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துரு உன் மெஷினில் இல்லை என்று அர்த்தம், அதை அனுப்பியவரிடமே கேட்டு வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், கன்ஃபிகரேஷன் பக்கத்தை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கூப்பிடு. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
செல்வம்