செத்துப்போன மதர்போர்டிடம் அனுமதி வாங்கச் சொல்லும் நிறுவனத்துக்கு

தமிழ் எழுத்துரு மென்பொருள் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு. உங்கள் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவன். எங்கள் தெருவில் அப்படி வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவணி முகூர்த்த நெருக்கடியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல இடி. மறுநாள் காலையில் கணினி எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்து மூடியைக் கழற்றி, மோந்து பார்த்தே சொல்லிவிட்டான்: "போர்டு போச்சுண்ணே." ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. மதியத்துக்குள் வேறு போர்டு மாட்டினான், விண்டோஸும் வந்துவிட்டது. அப்பாடா என்று, பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரைத் திறந்தால், பத்திரிகையில் தமிழையே காணோம். வரிக்கு வரி ஆங்கில எழுத்து, நடுநடுவே கமா, டாலர் குறி. பெண்ணின் தாய்மாமன் புரூஃப் பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நம்ம பொண்ணு பேரு இங்கிலீஷ்ல வந்திருக்கு?" என்றார்.

உங்கள் எழுத்துருக்கள் உங்கள் மென்பொருள் ஓடினால்தான் விண்டோஸில் ஏறும். அது ஓடாமல் ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டு நின்றது. இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறதாம், அங்கே நீக்கிவிட்டு இங்கே பதிய வேண்டுமாம். அந்த வேறொரு கணினி, கருகிய வாசனையோடு என் மேஜைமேல் கிடந்தது. செத்தவனிடம் போய்க் கையெழுத்து வாங்கி வா என்றால் எங்கே போவேன்?

உங்கள் உதவி எண் சனி, ஞாயிறு எடுக்காது. மின்னஞ்சல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, லைசன்ஸ் பூட்டை உடைக்கிற கிராக் போட்டுத் தரட்டுமா? அஞ்சு நிமிஷம்." வேண்டாம் என்றேன். ஆனால் தாய்மாமன் எத்தனை நேரம் உட்காருவார்? பென் டிரைவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனேன். அங்கே உங்கள் மென்பொருளேதான், திருட்டுப் பிரதி. எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல் பத்திரிகை திறந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து புரூஃப் எடுத்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் பதில் வந்தது, ரசீது கேட்டு. விற்ற டீலர் கடையை மூடிப் பல காலம் ஆகிறது. பரணில் தேடி ரசீதை எடுத்து அனுப்பினேன். புதன்கிழமை திறந்துவிட்டீர்கள், நன்றி. கூடவே, இனி ஒரு முறைதான் இப்படி மாற்ற முடியும் என்று ஒரு வரி. இடி அதற்குத் தகுந்தாற்போல விழ வேண்டும் போலிருக்கிறது.

நீங்கள் எதைப் பார்த்துக் கணினியை அடையாளம் காண்கிறீர்கள் என்று ஓரளவு தெரியும். போர்டின் எண், அதிலேயே இருக்கும் நெட்வொர்க் சிப்பின் எண், இப்படிச் சில. போர்டு மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி பத்து உறுப்புகளைப் பார்த்தது, ஓரிரண்டு மாறினால் கண்டுகொள்ளாது. மறுபடி பதிய மூன்று நாள் அவகாசத்தை அதன் முதல் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தலில் சேர்த்தார்கள். 2016 முதல் விண்டோஸ் 10இல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை இணைத்து வைத்திருந்தால், கணினியில் பாகம் மாற்றினேன் என்று நாமே சொல்லிப் பதிந்துகொள்ள வழி வைத்தார்கள். அதிலும் சிக்கல் உண்டு, கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தப் போர்டோடு சரி. ஆனாலும் பாகம் பழுதாகும், மாற்றுவார்கள் என்ற நினைப்பாவது அங்கே இருக்கிறது.

பழைய லாக் முறையே தேவலை. பிரிண்டர் போர்ட்டில் கட்டைவிரல் அளவு ஒரு டாங்கிள், அது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும். கணினி போனால் பிடுங்கி அடுத்ததில் செருகிவிட்டு வேலையைப் பார்ப்போம், யாரிடமும் கேட்க வேண்டாம். தொலைத்தால் தொலைத்ததுதான், அது நம் தப்பு. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்குப் பிறகு புதுப் பதிப்பே கிடையாது. சீரியல் எண்ணைப் போட்டால் இன்றைக்கும் என் கடையில் ஓடுகிறது.

உறுத்தும் கேள்வி இன்னொன்று. நாளைக்கு நீங்களே கடையை மூடினால்? எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடைத் தமிழக அரசு 2010இல் தரமாக அறிவித்தாலும், என்னிடம் சேர்ந்திருக்கும் பழைய வேலை எல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் உங்கள் சொந்தக் குறியேற்றத்தில்தான் இருக்கிறது. உங்கள் சர்வர் நின்றால் அவ்வளவும் டாலர் குறிதான். அடோபி, ஃபோட்டோஷாப் போன்றவை அடங்கிய தன் சிஎஸ்2 தொகுப்புக்கான பதிவு சர்வரை 2012 டிசம்பரில் நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்குப் பதிவே தேவைப்படாத பதிப்பைக் கொடுத்தது. நீங்கள் அப்படி எதையும் எழுத்தில் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, முறையாக வாங்கியவர் இழப்புக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பாக மென்பொருளைப் பிரதி எடுத்து வைக்க இடம் தருகிறது. சட்டம் எழுதியவர்களுக்கே பொருள் கெட்டுப்போகும் என்று தெரிந்திருக்கிறது. என்னிடமும் பிரதி இருக்கிறது, நீங்கள் திறக்காமல் அதை வைத்து என்ன செய்ய?

நான் கேட்பது பெரிதல்ல. பழைய கணினியைத் தொடாமல், என் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்து உரிமத்தை நானே விடுவிக்க ஒரு வழி வேண்டும். அதுவரை பத்து நாள் மென்பொருள் ஓடட்டும். வருஷத்துக்கு இத்தனை தடவை என்று வரம்பு வையுங்கள், சரி. ஆயுளுக்கு இனி ஒரே தடவைதான் என்பது நியாயமில்லை. நிறுவனம் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் ரசீதிலேயே அச்சடித்துக் கொடுங்கள்.

தை முகூர்த்தம் தொடங்குவதற்குள் கடையின் இரண்டாவது கணினியையும் மாற்றியாக வேண்டும், இப்போதே அடிக்கடி நிற்கிறது. அதிலும் உங்கள் மென்பொருள்தான். அதற்குள் பதில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன், ஒரு டி.டி.பி. கடைக்காரன்