சொத்து வரி பாக்கியைத் தெரிவிக்காதது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, வீட்டுப் பராமரிப்பு நிறுவனம், மதுரை

பொருள்: மூன்று அரையாண்டு வரி பாக்கி நின்றும் எனக்குத் தகவல் தராதது

ஐயா,

நான் புனேயில் வேலையில் இருக்கிறேன். மதுரை எல்லீஸ் நகரில் அப்பா கட்டிய வீட்டை 2023 முதல் உங்கள் நிறுவனம்தான் பார்த்துக்கொள்கிறது. வாடகை வசூல், சின்னச் சின்னப் பழுது, அப்புறம் மாநகராட்சியிலிருந்து எது வந்தாலும் எனக்குத் தெரிவிப்பது. இதற்கு மாதம் 1,200 ரூபாயை வாடகையிலேயே பிடித்துக்கொள்கிறீர்கள். பிடிக்க ஒரு மாதம்கூட மறந்ததில்லை.

போன வாரம் அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் அம்மா போன் செய்தார். "அண்ணே, வரி கட்டலைன்னா தண்ணிக் குழாயைத் துண்டிச்சிருவாங்களாம், ஆள் வந்து சொல்லிட்டுப் போறாங்க" என்றார். மாநகராட்சி இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தால் 2024-25இன் இரண்டு அரையாண்டும், 2025-26இன் முதல் அரையாண்டும் அப்படியே நிற்கின்றன. நடப்பு அரையாண்டையும் சேர்த்து அன்றிரவே கட்டிவிட்டேன்.

உங்கள் அலுவலகத்தைக் கேட்டதற்கு, "நோட்டீஸ் எதுவும் வரலை சார்" என்றார்கள். சரி என்று நீங்கள் அனுப்பிய மாத அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் அறிக்கையில் வாசல் கேட்டின் படம் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் ஊழியரின் பைக் கைப்பிடிக்குச் சற்று மேலே, கேட்டின் இடது கதவில் வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒரு மூலை கிழிந்து தொங்குகிறது. அதுதான் அந்த நோட்டீஸ். அதே அறிக்கையின் அடியில் 'வரி பாக்கி: இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

"இணையத்தில் நீங்களே பார்த்திருக்கலாமே" என்றும் ஒருவர் சொன்னார். பார்த்திருக்கலாம்தான். 'இல்லை' என்று மாதாமாதம் எழுதி வருவதை நம்பியது என் தப்பு.

இன்னொன்றும் தெரிய வந்தது. அப்பா இறந்தபின் வரிப் பெயர் மாற்றத்தை நீங்கள்தான் செய்து கொடுத்தீர்கள். அப்போது பதிவில் என் கைபேசி எண்ணுக்குப் பதிலாக உங்கள் அலுவலக எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். மாநகராட்சி அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் உங்களுக்குத்தான் வந்திருக்கின்றன. மாநகராட்சியை நான் எப்படிக் குறை சொல்வது?

ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. தவறினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. எனக்கு அரையாண்டு வரி 2,400 ரூபாய். நடப்பு அரையாண்டையும் சேர்த்து நான்கு அரையாண்டுக்கும் ஊக்கத்தொகையாகப் போனது 480 ரூபாய். வட்டி எவ்வளவு என்பது இணைத்துள்ள ரசீதில் தனியாக இருக்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் அப்பா இருந்தவரை ஏப்ரல் முதல் வாரத்திலேயே வரிசையில் நின்று கட்டிவிடுவார். அந்த வீட்டுக் கேட்டில் பாக்கி நோட்டீஸ் ஒட்டியதை எதிர்வீட்டுக்காரர்கள் படித்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

வட்டியையும் அந்த 480 ரூபாயையும் அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பதிவில் என் எண்ணை மாற்றிவிட்டு, மாற்றியதற்கான அத்தாட்சியைப் பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் பெயர் மாற்றத்துக்காக வாங்கிய பத்திர நகல்களைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். வாடகையை அந்த அம்மா நேராக என் கணக்கிலேயே போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
எல்லீஸ் நகர் வீட்டு உரிமையாளர்

இணைப்பு: வரி ரசீது, அக்டோபர் மாத அறிக்கை